மூன்று தட்டு

சார்டீனியச் சிறையின் சாப்பாட்டுக் கூடம்.
மேசைகளை ஒதுக்கினால் அதுதான் மேடை.
அட்டையில் ஒரு கதவு; கைப்பிடி மட்டும் நிஜம்,
பழைய ஃப்ரிட்ஜிலிருந்து கழற்றியது.

"தட்டு, எஃபிசியோ" என்றாள் ஒர்னெல்லா.
அவன் தோளால் இடித்தான்.
கதவோடு விழுந்தான்.
காவலர்களும் சிரித்தார்கள்.

பத்தொன்பது வீடுகளுக்குள் போனவன்;
ஒன்றில்கூடத் தட்டியதில்லை.

தட்டுவது சுலபமில்லை.
தட்டிவிட்டுக் காத்திருப்பது அதைவிட.
திறப்பதா என்று உள்ளே இருப்பவர் முடிவு செய்யவேண்டும்;
அதுவரை கையை எங்கே வைத்துக்கொள்வது?
குளிர்காலம் முழுக்க அதைத்தான் ஒத்திகை பார்த்தான்.

விடுதலையாகி நான்காம் நாள்,
நுவோரோவில், தங்கை வீட்டு வாசல்.
மட்டமான பூட்டு. பார்த்ததுமே தெரிந்தது.

மூன்று முறை தட்டினான்.
ஓரடி பின்னால் நகர்ந்தான்.
கைகளைத் தொங்கவிட்டான்.

உள்ளே
தொலைக்காட்சியின் சத்தம் குறைந்தது.