இடம் போதவில்லை

திபிலீசியின் வடகோடியில், க்ல்தானியில்,
ஒன்பதாவது மாடியில்
வேலைக்கு ஒரு மேசை.
வேலை இல்லாதவற்றுக்கும் அதே மேசை.

பகலில் ரெவாஸின் ஒயின் புட்டிக்கு லேபிள்.
திராட்சைக் குலை இன்னும் பெரிதாக வேண்டும் என்பார்.
பெரிதாக்கினால்
குலைதான் தெரிகிறது ஜாபா, ஒயின் தெரியவில்லை என்பார்.
லேபிளில் ஒயின் எப்படித் தெரியும்
என்று நான் கேட்பதில்லை.
மாதக் கடைசி, வாடகை.
இறுதி
இறுதி இரண்டு
இதுவே இறுதி
சத்தியமாக இறுதி
என்று பெயர் வைத்து வைத்து
வன்தட்டு வாய்வரை நிரம்பிவிட்டது.
மிச்சத்தைக் கொண்டுபோய்
போனுக்குள் நிறுத்திவைத்தேன்.

இரவில் என் எழுத்துரு.
காசு தராத வேலை, ஆகவே கவனமாகச் செய்வது.
இந்தக் குடியிருப்பின் கராஜ் கதவுகளில்
பெயிண்ட் வழிய வழிய எழுதியிருப்பார்கள்:
இங்கே வண்டியை நிறுத்தாதே.
முதல் எழுத்து ஆளுயரம்.
கடைசி எழுத்து கதவின் ஓரத்தில்
மூச்சடக்கி ஒருக்களித்து நிற்கும்.
நான்கு வருட ஞாயிறுகள் அவற்றைப் படமெடுத்தே போயின.
எங்கள் முப்பத்து மூன்று எழுத்துகளில்
முப்பத்திரண்டு அகப்பட்டன.
மீதி ஒன்று,
ஜகரத்துக்கும் ஷகரத்துக்கும் நடுவே
உரசிக்கொண்டு போகும் ஒலி.
அதை வைத்து
யாரும் யாரையும் விரட்டுவதில்லை போலிருக்கிறது.

நீயே வரைந்துவிடேன் என்றாள் எலிசோ.
வரையலாம்.
எனக்கு அந்தக் கோபம் வராது.

நேற்று,
கறுப்பில் ஒரே ஒரு பக்கம் அச்சடிக்கப் போனேன்.
மஞ்சள் தீர்ந்துவிட்டது என்றது பிரிண்டர்.
கறுப்புக்கு எதற்கு மஞ்சள்?
அணைத்துவிட்டுப் போட்டேன்.
புதுப்பிக்கிறேன், அணைக்காதே என்றது கணினி.
முப்பது சதவீதம். முப்பது சதவீதம்.
உள்ளே காற்றாடி
விமானம் கிளம்புவதுபோல் இரைந்தது,
கிளம்பத்தான் இல்லை.
முப்பது சதவீதம்.
ரொட்டி வாங்கவாவது போகலாமென்றால்
லிஃப்ட் என் காசை விழுங்கிவிட்டுச் சும்மா நின்றது.

ஒன்பது மாடி நடந்து இறங்கியதால் பார்த்தேன்.

பனியும் மழையும் கலந்து பெய்கிற முற்றத்தில்
நான்காம் மாடி ஜுஜுனா
பழைய டயர் ஒன்றைப் போட்டு
அதன்மேல் பலகையைச் சாய்த்து
சிவப்புப் பெயிண்டில் எழுதி முடித்திருந்தாள்:
ஜுஜுனாவின் இடம்.

பெயரிலேயே இரண்டு முறை அந்த எழுத்து!
முதலாவது வயிறு புடைத்து,
இரண்டாவது அவசரத்தில் வால் சுருண்டு.
ஈரத்தில் இரண்டும் ஒழுகத் தொடங்கிவிட்டன.
போனை நீட்டினேன்.
இடம் போதவில்லை, என்றது போன்.

எதை அழிப்பது?
எலிசோ படகில் தூங்கும் படங்களையா,
கராஜ் கதவுகளையா?
பெயிண்ட் வழிந்துகொண்டிருந்தது.
ரெவாஸின் பதினான்கு குலைகளையும்
ஒரே அழுத்தில் அழித்தேன்.

நகராட்சியில் கொடுக்கவா படம்? என்றாள் ஜுஜுனா,
தூரிகையை இறக்காமல்.
இல்லை, எழுத்து நன்றாக இருக்கிறது.
பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
எப்படிப் பேசினாலும் சரி,
உன் வண்டியை இங்கே விடமாட்டேன்.
எனக்கு வண்டியே இல்லை.
அப்புறம் என்ன, போ.

ரொட்டியை மறந்து
ஒன்பது மாடி ஏறினேன்.
எழுபத்தோரு சதவீதம்.

இன்று காலை
வால் சுருளில் கடைசிப் புள்ளியை
இழுத்துக்கொண்டிருந்தபோது ரெவாஸ் அழைத்தார்.
ராத்திரியெல்லாம் யோசித்தேன் ஜாபா,
அந்த மூன்றாவதுதான் சரி,
அதை உடனே அனுப்பு.

திறக்கிறேன், ஒரு நிமிடம், என்றேன்.
திரையில் வண்ணச் சக்கரம்
சுழன்றது, சுழன்றது.
சுற்று, என்றேன் அதனிடம்,
இன்று ஒரு நாள்
எவ்வளவு வேண்டுமானாலும் சுற்று.