இரண்டு மதிப்பெண் வினா

பத்தி சின்னதுதான்.
மேட்டூர் திறந்த சேதி வந்தது.
வாய்க்காலில் நுரை தெரிந்ததும் பிள்ளைகள் ஓடினார்கள்.
அம்மா ஒரு தரம் காதைத் தடவிக்கொண்டாள்.
அப்பா செருப்பைத் தேடினார்.
ஊரே மகிழ்ச்சியில் திளைத்தது.

வினா: அப்பா ஏன் செருப்பைத் தேடினார்?
விடைக்குறிப்பு: வயலுக்குச் செல்ல. மகிழ்ச்சி மிகுதியால்.
வாக்கியத்துக்கு ஒன்று, ஆக இரண்டு.

ஆறு வருஷமாய்க் கேட்கிறேன் இதை,
தலைஞாயிற்றுக்குக் கிழக்கே
அரிச்சந்திரா நதி களைத்துப்போய்க் கடலை விசாரிக்கிற இடத்தில்,
ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவில்.
ஆறு வருஷமும் அதே விடை. நானும் டிக் போட்டேன்.
நான் வேடசந்தூர்ப் பக்கம், கிணற்றுப் பாசனக்காரி.
எங்களுக்குத் தண்ணீர் கீழேயிருந்து வரும்,
மோட்டார் சத்தத்தோடு.
சேதியாக வந்து பார்த்ததில்லை.

இந்த ஆடியில் நிலோஃபர் எழுந்தாள்:
"வயலுக்குன்னா எதுக்கு டீச்சர் செருப்பு?
சேத்துல புதைஞ்சிராது?"

"வரப்பு வரைக்கும் போட்டுக்குவாங்க,
கரையில விட்டுட்டு எறங்குவாங்க"
என்றான் புவனேஸ்வரன். அவனுக்கு வயல் தெரியும்.

"சரி. ஆனா தேடுனாருன்னு இருக்கே.
தினம் போடுற செருப்பு வாசல்லயே கிடக்கும்.
எப்பவாவது போடுறதைத்தான் தேடணும்."

ஒரு வினைச்சொல்லை இப்படி உரித்துப் பார்க்க
நான் சொல்லித்தந்ததாக நினைவில்லை.
கரும்பலகையில் என் கையெழுத்தில் இருந்தது இவ்வளவுதான்:
சான்று இல்லாத கருத்து, ஷட்டர் இல்லாத மதகு.

"சான்று எங்கே?" என்றேன், கொஞ்சம் கறாராக.

ஜூனிலிருந்து வாய் திறக்காத ஆரோக்கிய ஷாலினி
கடைசி பெஞ்சிலிருந்து, எழுந்திருக்காமலே:
"அதுக்கு மேல் வரியில
அம்மா எதுக்கு டீச்சர் காதைத் தொடுது?"

சான்று அங்கேதான் இருந்திருக்கிறது.
அந்த வரிக்கு வினா கிடையாது,
அதனால் ஒவ்வொரு வருஷமும்
பஸ் நிற்காத ஊரைப் போல அதைக் கடந்திருக்கிறேன்.

பிறகு யாரும் கை தூக்கவில்லை, எல்லாரும் பேசினார்கள்.
கூட்டுறவு வங்கி எத்தனை மணிக்குத் திறக்கும்,
அடகுக் கடை என்றால் வட்டி எப்படி,
டவுனுக்குப் போகும்போது அப்பா எந்தச் சட்டை போடுவார்.
தனிவட்டிக் கணக்கில் எப்போதும் தப்பு விடும் புவனேஸ்வரனுக்கு
கிராமுக்கு எவ்வளவு தருவார்கள் என்று
பைசா சுத்தமாய்த் தெரிந்திருந்தது.

அந்த நேரம் யார் காதையும் நான் பார்க்கவில்லை.
இல்லை, பார்த்தேன்.
ஷாலினியின் காதில்
துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஒரு ஈர்க்குச்சி.

"அப்ப கடைசி வரி பொய்யா டீச்சர்?"

பொய் என்று சொல்ல முடியாது, என்று ஆரம்பித்தேன்.
ஊரே என்பதில் இருப்பது தேற்ற ஏகாரம்,
உறுதிப்படுத்துவதற்காக வருவது...

"பிரிநிலை டீச்சர்" என்றாள் நிலோஃபர்.
"அம்மாவை மட்டும் தனியா பிரிச்சு வச்சிருக்கு."

இலக்கணப்படி அது தப்பு.
தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன்,
அதற்குள் மணி அடித்துவிட்டது.
மணிக்கு நன்றி சொன்னது அன்றைக்குத்தான்.

காலாண்டுத் தேர்வில் அதே பத்தி வந்தது, அதே வினா.
விடைக்குறிப்பும் அதே, ஒரு எழுத்துப் பிழை மட்டும் புதிது.

முப்பத்தொரு தாள். ராத்திரி பதினொன்றுக்கு
ஷாலினியின் தாளைப் பிரித்தேன்.
சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுத்தான் பிரித்தேன்.

குண்டு குண்டான எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல்,
அடிக்கோடிட்டு எழுதியிருந்தாள்:
வயலுக்குச் செல்ல. மகிழ்ச்சி மிகுதியால்.

இரண்டுக்கு இரண்டு.
கூட்டலை இன்னொரு தரம் சரிபார்த்தேன்.
மொத்தம் எழுபத்து மூன்று.