ஒட்டிய ஆயிரம்

இறுதி வருடத்துத் திவாகரன்
நூற்றிருபது பேரைத் தேடி அலைகிறான்.
"தனிநபர் நிதி முகாமைத்துவம் பற்றிய
பல்கலைக்கழக மாணவரின் மனப்பாங்கு."
ஆறு பக்கம். நிரப்பிக் கொடுத்தால் ஒரு டொபி.
டொபியை முதலில் தா என்றேன்.

மாத வரவுசெலவை எழுதி வைக்கிறீர்களா?
ஸஃப்ரா வைக்கிறாள்.
கன்டீன் பிளேன்டீ, பதுளை பஸ், போட்டோகொப்பி,
"எங்கே போனதெண்டு தெரியாது: 40"
என்றுகூட ஒரு வரி.
எழுதி எழுதிச் செலவு குறையவில்லை,
கையெழுத்துத்தான் அழகானது.

லோகப்பிரியா எழுதுவதில்லை.
மஹாபொல விழுந்ததாக போன் துடித்தால்
அன்றைக்கே சப்பாத்து.
பிறகு இருபது நாள்
அந்தச் சப்பாத்தோடு நடந்து வந்து
கடன் கேட்பாள்.

கேள்வி ஒன்பது:
அவசரத் தேவைக்கென ஒரு நிதி வைத்திருக்கிறீர்களா?

இங்கே பேனை நின்றது.

பசறை வீதி அறையில் எங்கள் நால்வருக்கும்
ஓர் ஆயிரம் ரூபாய்த் தாள் இருந்தது.
நடுவே கிழிந்து, டேப் ஒட்டி,
ஓரத்தில் யாரோ எழுதிய தொலைபேசி எண்,
கடைசி இலக்கம் இல்லாமல்.
மூலைக்கடை முதலாளி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
"இது எடுக்க ஏலாது நங்கி" என்றார்.
கொண்டக்டர் தொடவேயில்லை.
வங்கி மாற்றித் தருமாம்.
வங்கி மூன்று மணிக்குப் பூட்டும்,
எங்களுக்கு நாலு வரை ஆய்வுகூடம்.

வாசலுக்கு வெளியே செல்லாக்காசு.
உள்ளே செல்லும்.
நான் லோகப்பிரியாவுக்குக் கொடுத்தேன், பழைய கடனுக்கு.
அவள் ஹசந்திக்கு, போன மாத வாடகைக் குறைக்கு.
ஹசந்தி ஸஃப்ராவுக்கு, இரண்டு கையாலும், பெரிய மனுஷிபோல.
ஸஃப்ரா எனக்கு.
ஒரு புதன் இரவு, மின்வெட்டில், போன் வெளிச்சத்தில்
நாலு கடனும் தீர்ந்தன.
ஒரு சதம் செலவில்லை.
ஸஃப்ராவின் கொப்பியில் அன்று மட்டும்
இரண்டு பக்கமும் சரியாக வந்தது.

அடுத்த நாளே
மறுபடி கடன்பட்டோம், பயமில்லாமல்.

போன வெள்ளி ஆய்வுகூடம் நடக்கவில்லை.
லோகப்பிரியா நல்ல எண்ணத்தில்தான்
வங்கிக்குப் போனாள்.
வரிசையில் நின்று, ஐடென்டிட்டி காட்டி,
மடிப்பே விழாத புதுத்தாளோடு வந்தாள்.
மாறி மாறித் தொட்டுப் பார்த்தோம்.
ஏழு மணிக்குக் கீழ்க்கடையில்
தகட்டில் கொத்து அடிக்கும் சத்தம்.
எட்டேகாலுக்குத் தாள் இல்லை.
மிச்சம் நாற்பது ரூபாய்க்கு
ஒரு பிளேன்டீ, நாலு வாய்.

இப்போதும் நான் லோகப்பிரியாவுக்கு, அவள் ஹசந்திக்கு,
ஹசந்தி ஸஃப்ராவுக்கு, ஸஃப்ரா எனக்கு.
கடன் வட்டமாகத்தான் உட்கார்ந்திருக்கிறது.
எழுப்பிவிட ஒன்றுமில்லை.

திவாகரன் மணி பார்க்கிறான்.
ஆம், இல்லை. இரண்டே கட்டம்.
இடையிலிருந்த வெள்ளையில் எழுதினேன்:
"இருந்தது. மாற்றிவிட்டோம்."

"இப்படி எழுதினா எடுக்க ஏலாது தங்கச்சி."

மூலைக்கடையிலும்
அப்படித்தான் சொன்னார்கள்.