மூன்றாம் பிளாக்

கடையாலுக்கு மேலே, மூன்றாம் பிளாக்.
பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு இருபத்து மூன்று ரப்பர்.
நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு
மூன்றரைக்கு முதல் மரத்தில் கத்தி வைப்பேன்.
ஆழம் ஒரு நூல் கூடினால் காயம் மரத்துக்கு,
குறைந்தால் ஏச்சு எனக்கு.

கை தன் வேலையைப் பார்க்கும். தலை சும்மா கிடக்கும்.
அப்படித்தான் ஆரம்பித்தது:
இருநூற்று எழுபத்தாறு மரத்தை
மீதி வராமல் எத்தனை வரிசையாக நட்டிருக்கலாம்?
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு,
இப்போது நிற்கிற பன்னிரண்டு,
இருபத்து மூன்று, நாற்பத்தாறு,
அறுபத்தொன்பது, தொண்ணூற்றிரண்டு,
நூற்று முப்பத்தெட்டு: வரிசைக்கு இரண்டே மரம்,
போட்டோவுக்கு நிற்கிற ஜோடி மாதிரி.

எல்லாவற்றையும் கூட்டினேன். முந்நூற்றுத் தொண்ணூற்றாறு.
சரி, அத்தனை மரம் இருந்தால்?
அறுநூற்றுத் தொண்ணூற்றாறு.
அதற்கும் கூட்டினால் ஆயிரத்து நூற்று நான்கு.
இல்லாத தோட்டம் கோதையாற்றைத் தாண்டி
ஏறிக்கொண்டே போனது.
ஒருநாள் மூவாயிரத்துச் சொச்சத்தில் சறுக்கியது,
தீர்ந்தது என்று நினைத்தேன்,
மறுநாள் வெட்டில் மறுபடி ஏறிவிட்டது.

பன்னிரண்டெல்லாம் பாவம்.
பதினாறு, பதினைந்து, ஒன்பது, நான்கு, மூன்று, ஒன்று, பூஜ்யம்.
சிரட்டையில் பால் நிறைவதற்குள் முடிந்துபோகும்.

ஷீட் எடை போடுகிற பிபின் போனில் தேடிப் பார்த்தான்:
"சேச்சி, இதுக்கு முடிவு உண்டா இல்லையான்னே
ஆருக்கும் தெரியாதாம்.
கம்ப்யூட்டரு போட்டுப் பாத்தும் தீரல்லியாம்."
எனக்குச் சிரிப்பு வந்தது.
நம்ம மூன்றாம் பிளாக்கா?

ஐப்பசியில் ஒரு காற்று.
ஒன்பதாம் வரிசைக் கடைசி மரம் வேரோடு சாய்ந்தது.
சிரட்டை மட்டும் உடையவில்லை.
கணக்கப்பிள்ளை ரசலையன் நோட்டில் கோடு போட்டார்: 275.
கூலியிலும் ஒரு மரம் போனது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன்.
ஒன்று, ஐந்து, பதினொன்று, இருபத்தைந்து, ஐம்பத்தைந்து.
தொண்ணூற்றேழு.
அதற்குள் ஒன்றைத் தவிர யாரும் நுழைய முடியாது.
ஒன்று. அப்புறம் பூஜ்யம்.
டிக்கெட்டின் பின்பக்கத்திலேயே,
குலசேகரம் வருமுன்பே,
எல்லாம் தீர்ந்துவிட்டது.

அன்று ராத்திரி நன்றாக உறங்கினேன்.
அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒட்டுப்பால் சாக்கின்மேல்
காற்றுக்கு முந்தின வாரம் கரியால் எழுதிய 5964
அழியாமல் இருக்கிறது.
ரசலையன் குனிந்து பார்த்தார்.
"இது என்ன, கிலோவா?"

"மரம்" என்றேன்.