இரண்டாவது கியர்

ஆம்புலன்ஸ் என்ற எழுத்தைவிட
அவன் பெயர் பெரிது:
எலிசெயோ பாத்திஸ்தா.
பாஸ்டனில் பேஸ்பால் வீசுகிறவன்.

வரிக்கணக்கு, என்கிறார் மருந்துக்கடை ஒவீதியோ.
அடுத்த மேயர் ஆகப் பார்க்கிறான், என்கிறாள்
மீன் விற்கும் அல்தாகிராசியா.
போன வருஷம் ஊசி போட்டு மாட்டினானே,
அந்தக் கறையைக் கழுவ, என்கிறது ரம் கடை.
இருக்கலாம்.
தானம் வந்த மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கக் கூடாது.
ஓட்டுகிறவன் பார்த்துத்தான் ஆகவேண்டும்:
இரண்டாவது கியர் சிக்கும்.

அன்று சாவியை
மூன்று முறை கொடுத்தான்,
படம் சரியாக விழவில்லையென்று.
மூன்றாவதில் சிரிப்பு தேய்ந்திருந்தது.

கேமராக்கள் போனபின்
பின்கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரில் படுத்தான்.
நெடுங்கால். முழங்காலை மடக்கிக்கொண்டான்.
"சாத்து.
கரும்புத் தோட்டத்து லைன்வீட்டுக்குப் போ.
அங்கேயிருந்து ஆஸ்பத்திரிக்கு
எவ்வளவு வேகமாக முடியுமோ."

ஓட்டினேன்.
கண்ணாடியில் பார்த்தால்
கைக்கடிகாரத்தை விட்டுக் கண் எடுக்கவில்லை.

வாசலில் நிறுத்தியதும்
"பதினோரு நிமிஷம்" என்றான்,
என்னிடம் அல்ல.

யார் என்று நான் கேட்கவில்லை.
டீசலுக்கு யார் தருவார் என்றும்
கேட்கவில்லை. அதையாவது
கேட்டிருக்கலாம்.