காலதர்

ரைவோ பெட்டியைத் திறந்தான்.
உள்ளே மூலை மூலையாய் அறுத்த சன்னல்கள்.
முழுச் சன்னல் ஒன்றுமில்லை, முழங்கைகள் மட்டும்.
பிவிசியின் வெட்டுமுகத்தில் ஆறு அறை,
யாரும் குடிவராத தேன்கூடு.
அலுமினியம், தொட்டால் ஜனவரி.
பைன் துண்டை மோந்து பார்த்தேன்,
வார்னிஷ் வாசம்தான் வந்தது.

வண்டிச் சக்கரத்தைத் தட்டுவதுபோல்
ஒவ்வொன்றாய்த் தட்டினார் ஆர்வோ.
முப்பது வருஷம் சரக்கு ரயில் ஓட்டுகிறவர்,
எதையும் தட்டி, காது கொடுத்து,
பிறகே நம்புவார்.

எங்கள் பழைய சட்டங்களுக்குப் பெயின்ட் ஏழு தோல்.
அக்டோபர் வந்தால் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே
பஞ்சு திணித்து, விளிம்பெல்லாம் காகிதப் பட்டை ஒட்டுவேன்.
அப்படியும் திரைச்சீலை மூச்சுவிடும்.
போன பிப்ரவரி பில்லை
ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டினார் ஆர்வோ,
தேடப்படும் குற்றவாளியின் படம்போல.

டேப்பை இழுத்து அளக்கத் தொடங்கியதும் தெரிந்தது,
இந்த வீட்டில் ஒரு சன்னலும் செவ்வகம் இல்லை.
தபாவைக் கடந்த ரயில் ஒவ்வொன்றும்
வீட்டை ஒரு நூல் கிழக்கே தள்ளியிருக்கிறது.
அடுப்படியில் இடப்பக்கம் பதினெட்டு மில்லிமீட்டர் தாழ்வு.
"நிலை கோணினால் கதவு தானே திறந்துகொள்ளும்" என்றான்.
பத்து வருஷமாய்ப் பூனையைத் திட்டியிருக்கிறோம்.

வாசல் கதவுக்கு வாதம் நீண்டது.
வெளியே திறந்தால்
பனி குவிந்த காலையில் வீடே சிறை.
உள்ளே திறந்தால் பூட்ஸ் அலமாரியை நகர்த்த வேண்டும்,
நகர்த்தினால் அதன் பின்னாலுள்ள சுவரைப் பார்க்க வேண்டும்.
அதை அப்புறம் பேசலாமென்று நிறத்துக்குப் போனோம்.
வெள்ளை என்றோம், இருவரும் ஒரே நேரத்தில்.
கல்யாணமான புதிதில்கூட அப்படி வாய்த்ததில்லை.

பிறகுதான் ரைவோ துருப்புச் சீட்டை இறக்கினான்.
"மூன்று கண்ணாடி, இடையில் ஆர்கான் வாயு.
தண்டவாளம் நூற்றிருபது மீட்டர்தானே?
இனி உங்களுக்கு ரயிலே கிடையாது."

ஆர்வோ என் பக்கம் திரும்பினார்,
பரிசு வாங்கித் தந்தவரின் சிரிப்போடு.
"இனியாவது நிம்மதியாய்த் தூங்கு."

இரவு இரண்டு நாற்பது.
நார்வா பக்கமிருந்து வரும் வண்டி.
லெவல் கிராஸிங்கில் எல்லா டிரைவரும் நீளமாய் ஊதுவார்கள்.
ஒரே ஒருவர் மட்டும்
ஊதலின் வாலில் சின்னதாய் ஒரு முடிச்சுப் போடுவார்,
விக்கல்போல,
அவரே அறியாத கைப்பழக்கம்.
அவர் முறை வரும் இரவுகளில்
அதைக் கேட்டுப் புரண்டு படுப்பேன்,
பக்கத்துப் போர்வையைச் சற்றே விரித்துவிட்டு.
விழித்தேனா என்றால் இல்லை.
அது இல்லாமல் தூங்கினேனா என்றால்
அதுவும் இல்லை.

விலைப்பட்டியல் நடுவில் இதைச் சொல்லவா முடியும்?
மானியத்துக்கு மூன்று கண்ணாடிதான் விதி.
ஃபிரிட்ஜ் கதவிலிருந்து பிப்ரவரி
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"படுக்கையறைச் சன்னலில்" என்றேன்,
"மேல் ஓரத்தில் ஒரு சின்னத் திறப்பு வேண்டும்.
தனிக் கீல், தனித் தாழ்ப்பாள்.
பழையதில் இருப்பதுபோல."
ரைவோ நெற்றியைச் சுருக்கினான்.
"இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை.
எண்பத்தைந்து யூரோ கூட ஆகும்."

"உள்ளங்கை அகல ஓட்டைக்கா!"
ஆர்வோவின் குரல் கூரைக்கு ஏறியது.
எனக்குக் காற்று வேண்டும் என்றேன்.
பொய்யில்லை. பாதி.

கையெழுத்துப் போட்டார்.
பேனாவை மூடும்முன் என்ன நினைத்தாரோ,
வெள்ளை முழங்கை ஒன்றை எடுத்துக்
காதருகே வைத்து மறுபடி தட்டினார்.
"சத்தமே இல்லை" என்றார்
ரைவோவிடம், பாராட்டாக.

வாசல் கதவு
இன்னும் முடிவாகவில்லை.