மூன்றாம் அலமாரி

திங்கள்நகர் நூலகத்தில்
கதவு சரியாகச் சேராத அலமாரி.
வில்லில் குடமடித்தவர், பபூன், மிமிக்ரிக்காரர்,
ஏழு நாள் சைக்கிளைவிட்டு இறங்காதவர்:
இரங்கல் செய்திகளை வெட்டி
செத்த தேதிப்படி ஒட்டியிருக்கிறேன்.

நலவாரியத்துக்காரர்கள் வருவார்கள்,
ஓய்வூதியத் தாளுக்கு நாள் பார்க்க.
ஒரே ஆளுக்கு
இரண்டு பத்திரிகையில் இரண்டு வயது.
நான் எதையும் திருத்துவதில்லை.

நேற்று, சைக்கிள் நேசையனின்
இரண்டாம் வீட்டுக்காரி வந்தாள்.
செய்தியில் மனைவி ஒருத்திதான்; இவள் இல்லை.
"இதுல கொஞ்சம் எடம் கெடக்கே" என்று
ஓரத்து வெள்ளையைத் தடவினாள்.

பென்சிலை மேசையில் வைத்துவிட்டு
ஜன்னல் சாத்தப் போனேன்.
மழையொன்றும் இல்லை.

அவள் போனபிறகு பார்த்தேன்:
'ஏழு இல்ல, எட்டு நாள்.
கூட ஓடி ஓடிச் சோறு குடுத்தது
ஞானப்பூ.'